அந்தி அடுப்பு

எங்கள் கடலோரத் துறையில் ஒரு சனிக்கிழமை மூன்று நாள் நடந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு எந்த வருஷம் என்று கேட்பார்கள், வருஷத்தைச் சொன்னதும், அந்த வருஷம் நாங்கள் கன்னியாகுமரிக்கு வந்தோமே, அப்படி ஒன்றும் இல்லையே என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஊருக்குள் வருகிற பாலத்துக்கு அந்தப் பக்கம் ஞாயிறு வந்து, திங்கள் வந்து, பள்ளிக்கூடம் திறந்து எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சூரியன் நின்றது எங்கள் கடலுக்கு மேலே மட்டும், தண்ணீருக்கு ஒரு முழம் உயரத்தில், மாலை நாலே முக்கால் வெயிலோடு. நாங்களும் அதற்காக ஊரைக் கூட்டிக் கொட்டடிக்கவில்லை. கடல் தந்ததையும் கடல் கொண்டுபோனதையும் பார்த்துப் பழகின எங்களுக்கு ஆச்சரியப்படுவதற்குத் தனியாக நேரம் கிடைப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜஸ்டஸ் ஒரு வெள்ளை வேனில் வந்து இறங்கினான். எங்கள் துறையில் பிறந்தவன்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி மேபல் பிள்ளை பெற்ற பதினோராம் நாள் காய்ச்சலில் இறந்துபோக, கைக்குழந்தையை அவளுடைய தங்கை மார்சலினின் மடியில் போட்டுவிட்டு, இனிக் கடல் முகத்தில் விழிப்பதில்லை என்று ஓசூரில் ஒரு கம்பெனியில் போய்ச் சேர்ந்தான். இப்போது இரண்டாவது கல்யாணம் முடிந்து, தர்மபுரிப் பக்கத்துப் பெண்ணான ஷைனியோடு பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்தான். பகல் முழுவதும் கடற்கரையில் இருப்பது, அந்திக்கு மீன் சாப்பாடு, சாப்பிட்டுக் கை கழுவியதும் பிள்ளையோடு கிளம்புவது என்று போனிலேயே பேசி முடித்திருந்தார்கள். பெற்ற தகப்பன் கேட்கிறான், யார் என்ன சொல்ல முடியும்? மார்சலின் “சரி அத்தான்” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். அந்தப் பிள்ளை சஜினிக்காகத் தனக்கு வந்த மூன்று சம்பந்தங்களை வேண்டாமென்று திருப்பி அனுப்பியவள் அவள், வயது முப்பத்து மூன்றாகிவிட்டது.

எங்களிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு, இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் நடந்தது புரியும். இந்தத் துறையை விட்டு வேறு ஊருக்குக் குடிபோகிறவர் யாரானாலும் வளர்ந்த வீட்டின் அந்தி அடுப்பில் வெந்த மீனைத் தின்னாமல் போகக்கூடாது. மேபலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று அவசரத்தில் ஒரு வாய் கொடுக்காமல் கொண்டுபோனார்கள், அவள் திரும்பி வரவில்லை, அதை நாங்கள் யாரும் மறக்கவில்லை, ஜஸ்டஸ் மறக்கவே இல்லை. மற்றது, சூரியன் தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் எந்த வீட்டிலும் அந்தி அடுப்பு மூட்டுவதில்லை. கடல்மேல் வெளிச்சம் நிற்கும்போது மூட்டினால் வலையில் கிடக்கிற மீனெல்லாம் வெந்துபோகும் என்பது எங்கள் அப்பன் பாட்டன் கண்டது. காலையில் மூட்டிய டீக்கடை அடுப்பு நாள் முழுதும் எரியலாம், அதற்குத் தடையில்லை. கேஸ் வந்தபோது கேஸ் அடுப்பு இதில் சேர்த்தியா என்று பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டோம், அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, தீ எரிந்தால் அடுப்புதான் என்று சொல்லிவிட்டார்.

கடற்கரையில் சும்மா உட்காருவது எங்களுக்குத் தெரியாத வேலை. நாங்கள் அங்கே வலை பின்னுவோம், படகு தள்ளுவோம், மீன் ஏலம் கூறுவோம், சண்டை போடுவோம். ஷைனி பாய் விரித்து, குடை நட்டு, முகத்தில் வெள்ளையாக எதையோ பூசி, பந்து, சின்ன வாளி, பிஸ்கட் பாக்கெட் என்று பரப்பிக்கொண்டு உட்கார்ந்தபோது வலைக்காரர்கள் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய வீட்டுப் பெண்களும் வந்து ஓரமாக உட்கார்ந்து, இப்படித்தான் உட்கார வேண்டுமோ என்று காலை நீட்டிப் பார்த்தார்கள். அலை நல்ல குணமாக இருந்தது. காற்று அளவாக இருந்தது. சஜினி மட்டும் மார்சலினின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள்.

“வாம்மா, வீடு கட்டலாம் வா,” என்று ஷைனி வாளியை நீட்டினாள்.

பிள்ளை வரவில்லை. ஜஸ்டஸ் பலூன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தான், அதை வாங்கி மார்சலினின் கையில் கட்டிவிட்டது. மார்சலினுக்கு உள்ளுக்குள் சந்தோஷம், அப்படிச் சந்தோஷப்படுவதற்கு வெட்கம், இரண்டும் சேர்ந்து அவள் மத்தியானம் ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை.

மூன்று மணிக்கு ஏலக்கார வியாகப்பன் கை நீளத்துக்கு ஒரு முள்ளுவாளை மீனைக் கொண்டுவந்து அவள் வீட்டு முற்றத்தில் வைத்தார். விடைகொடுக்கிற சாப்பாட்டுக்கான மீனை நாங்கள் ஏலத்தில் விடுவதில்லை, அன்றைய வரத்தில் முதலானதை எடுத்துக் கொடுத்துவிடுவோம். நாலே முக்காலுக்கு மார்சலின் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து, மீனைக் கையில் எடுத்து, தலை நிமிர்ந்து மேற்கே பார்த்தாள். தெருவில் போகிற காய்காரனை நிற்கச் சொல்வதுபோலச் சூரியனிடம் சொன்னாள்: “நான் அடுப்பு மூட்டாம நீ இறங்கப்பிடாது, கேட்டியா?” மீனை மறுபடியும் சட்டியில் போட்டுவிட்டு, அரிவாள்மனையை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். சூரியன் நின்றது. இதெல்லாம் பின்னாளில் மார்சலின் பக்கத்து வீட்டுக் குருசம்மாவிடம் சொல்லி, அவள் எங்களிடம் சொல்லித்தான் தெரியும், அன்றைக்கு மார்சலினைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

செல்போனில் ஆறு மணியானது. கோயில்மணி அடித்தது, வெயில் அப்படியே இருந்தது. ஏழு மணியானது, எட்டு மணியானது, பெண்கள் எல்லோரும் மரச்சீனிக் கிழங்கைச் சீவித் தண்ணீரில் போட்டுவிட்டு அடுப்பு மூட்டுவதற்காகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சூரியனோ ஒரே ஒரு வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாகர்கோவில் பஸ் பாலத்தின் நடுவில் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு டீக்கடை முன்னால் வந்து நின்றது. டிரைவர் இறங்கி டீ குடித்துவிட்டு, அங்கே நல்ல இருட்டு, இங்கே எப்போது இருட்டும் என்று கேட்டார். தெரிந்தால் சொல்ல மாட்டோமா என்றோம். சரி என்று சொல்லி, பஸ்ஸைத் திருப்பி, பாலத்தின் நடுவில் லைட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

முதலில் எங்களுக்கு அது லாபமாகத்தான் தோன்றியது. கருவாடு போட்டவர்கள் ஒரே மாலையில் இரண்டு தரம் காயவைத்து எடுத்தார்கள், வருஷக்கணக்காகக் கிழிந்து கிடந்த வலையெல்லாம் பின்னி முடிந்தது, பையன்கள் தொண்ணூறு கோல் வரைக்கும் பந்தாட்டம் ஆடிவிட்டு எண்ணுவதை நிறுத்தினார்கள். செல்போன் ஞாயிறு என்றது, வானம் சனி என்றது, சாமியார் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பூசை வைத்தார். சாப்பாட்டுக்குப் பழைய கஞ்சி, அது தீர்ந்ததும் வாழைப்பழம், அதுவும் தீர்ந்ததும் டீக்கடை ரஸ்க். கம்பெனியிலிருந்து ஜஸ்டஸுக்குப் போன் வந்தபோது அவன் எழுந்து நின்று, “இங்க இன்னும் சனிக்கிழமைதான் சார்,” என்று பணிவாகச் சொன்னான். ஷைனிதான் கேட்டாள், பாலத்தைத் தாண்டினால் ராத்திரி இருக்கிறதே, அங்கே போய் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளலாமே என்று.

“மேபலை அப்படித்தான் கொண்டுபோனேன்,” என்றான் ஜஸ்டஸ். “எனக்க பிள்ளையை இந்த வீட்டு மீன் தின்னாம ஒரு அடி வைக்க விடமாட்டேன். எத்தனை நாளானாலும் சரி.”

ஷைனி குடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் கடற்கரைக்கு நடந்தாள்.

செல்போனில் இரண்டாம் நாள் பாதி போனபோது லாபக்கணக்கெல்லாம் நின்றுவிட்டது, ஏனென்றால் உறக்கம் வரவில்லை. கதவைச் சாத்தினாலும், ஜன்னலில் கோணியைத் தொங்கவிட்டாலும், கண்ணை மூடினால் இமைக்கு உள்ளேயும் அதே நாலே முக்கால் வெயில் நின்றது. புருஷன் பெண்டாட்டிகள் எடுத்ததற்கெல்லாம் சண்டை போட்டார்கள், நாய்கள் நிழலைப் பார்த்துக் குரைத்தன, கைக்குழந்தைகள் அழுது அழுது தொண்டை கட்டிக்கொண்டன. எங்கள் ஆட்கள் வலை விடுவது இருட்டில்தான், வெளிச்சத்தில் விட்டால் மீன் கண்ணியைப் பார்த்துத் திரும்பிவிடும். இருட்டுக்காகக் காத்திருந்த படகுகள் ஒவ்வொன்றாக வெறுங்கையோடு கரை ஏறின. குருசம்மாவின் புருஷன் சூசையின் படகு மட்டும் வரவில்லை. வெறுங்கையோடு வருவதற்கு உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிற பிடிவாதக்காரர் அவர், கொண்டுபோனது ஒரு ராத்திரிக்கு வேண்டிய குடிதண்ணீர்தான்.

கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. யார் செய்த தப்பு இது என்பதுதான் பேச்சு. கொடிமரத்தில் கயிறு மாற்றாததா, போன வருஷம் பெருநாள் சப்பரத்தைச் சுவரில் இடித்ததா, யாராவது ஆமை பிடித்தார்களா என்று ஒன்று ஒன்றாகக் கேட்டு, அடிதடி வரைக்கும் போய்விட்டது. வியாகப்பன் ஏலம் கூறுகிற குரலில், “எவன் வீட்டிலயோ ஒரு காரியம் நடந்திருக்கு. அது தெரியுற அன்னைக்கு அந்த வீட்டு ஓடு ஒண்ணு மிச்சமிருக்காது,” என்றார். மார்சலின் கூட்டத்தில் பெண்கள் பக்கமாக நின்று அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

செல்போனில் மூன்றாம் நாள், குருசம்மா மார்சலின் வீட்டு முற்றத்துக்கு வந்தாள். சட்டியில் மீன் கிடந்தது, கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, இப்போதுதான் கரைக்கு வந்ததுபோல.

“ஏட்டி, இந்த மீனை நீ ஏன் இன்னும் வெட்டல?”

“வெயிலு சாயட்டும்னு இருக்கேன், அக்கா.”

“மூட்டுறதுக்குத்தானே தடை. வெட்டுறதுக்கு வெயிலு எதுக்குட்டி சாயணும்?”

மார்சலின் இடுப்பு மடிப்பை இறுக்கிக்கொண்டாள். குருசம்மா குனிந்து அடுப்பைப் பார்த்தாள். சாம்பல் வழித்து விறகு அடுக்கியிருந்தது, தீப்பெட்டி மட்டும் அங்கே இல்லை. நிமிர்ந்து மார்சலினின் முகத்தைப் பார்த்தாள், அவளுடைய இடுப்பு மடிப்பில் செருகியிருந்த தீப்பெட்டியைப் பார்த்தாள், மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்க ஆளு தண்ணியில்லாம கடல்ல கெடக்காரு, மக்ளே.”

“பிள்ளையைக் கொண்டு போயிருவாங்க அக்கா.”

“கொண்டுதான் போவாங்க.”

“ஆறு வருசம் அக்கா. எனக்க நெஞ்சுல படுத்து உறங்கின பிள்ளை.”

“தெரியும்,” என்றாள் குருசம்மா. “நான் ஊருல போய்ச் சொல்லமாட்டேன். சொன்னா உன்னை வச்சிருக்க மாட்டானுவ. நீயா பாத்துச் செய்யி. ஆனா எனக்க ஆளு வராம போனா, அதுக்குப் பெறவு நீ எனக்க மூஞ்சியில முழிக்காத.”

அவள் போன பிறகும் மார்சலின் அடுப்பை மூட்டவில்லை. நல்லவள்தான், யாருக்கும் ஒரு தீங்கு நினைக்காதவள்தான், ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சூசையும் ஒன்றுதான், கடலில் மிதக்கிற கட்டையும் ஒன்றுதான். இதை நான் அவள்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. என் பிள்ளையாக இருந்தால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

தீப்பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவள் பிள்ளையைத் தேடிக் கடற்கரைக்குப் போனாள். இரண்டு நாளாகக் கூட்டம், பயம், குருசம்மா என்று வீட்டுக்கும் கோயிலுக்குமாக நடந்ததில் அவள் கடற்கரைப் பக்கம் சரியாகப் போகவில்லை. ஆனால் கடற்கரை நாள் நின்றுபோகவில்லையே, அது பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. முதல் நாள் தொலைவில் நின்ற சஜினி, சலிப்பில் வாளியைத் தொட்டு, பிறகு மண்ணை அள்ளி, பிறகு ஷைனி கட்டின வீட்டுக்கு ஒரு சிப்பி வைத்து, அலை வந்து அதைக் கொண்டுபோனபோது ஷைனி போட்ட கூச்சலைக் கேட்டுச் சிரித்து, இரண்டாம் நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, அலைக்குப் பயந்த ஷைனிக்கு, “பயப்படாதீங்க, குதிச்சாப் போதும்,” என்று தைரியம் சொல்லிக் குதிக்கக் கற்றுக்கொடுத்திருந்தாள். ஒரு பகலில் நடக்காதது மூன்று பகலில் நடந்துவிட்டது. அந்த மூன்று பகலை வாங்கிக் கொடுத்தது மார்சலின்தான்.

அவள் போனபோது பிள்ளை குடைக்குக் கீழே ஷைனியின் மடியில் படுத்திருந்தது. ஷைனி தன் இரண்டு உள்ளங்கையாலும் அதன் கண்களைப் பொத்தியிருந்தாள்.

“இப்ப ராத்திரி ஆயிடுச்சு, தூங்கு பாக்கலாம்.”

“ஆகல. விரலு வழியா சிவப்பாத் தெரியுது.”

“இப்ப?”

“இப்பவும் தெரியுது.”

ஷைனி நிமிர்ந்து மார்சலினைப் பார்த்தாள். அவள் கண்ணும் வீங்கித்தான் இருந்தது. “அக்கா, பிள்ளைக்கு உடம்பு சுடுதுக்கா. எப்படிப் பொத்தினாலும் தூங்க மாட்டேங்குது. நீங்க எப்படித் தூங்க வைப்பீங்க? சொல்லிக்குடுங்கக்கா.”

மார்சலின் குனிந்து பிள்ளையின் நெற்றியில் கை வைத்தாள். வெயிலில் காய்ந்த ஓட்டில் கை வைத்ததுபோல் சுட்டது. உதடு வெடித்திருந்தது, கண்வெள்ளை முழுவதும் சிவந்திருந்தது. சஜினி அவளைப் பார்த்தாள், ஆனால் எழுந்து வரவில்லை, எழுந்து வருவதற்கு உடம்பில் தெம்பும் இல்லை.

“சித்தி, ராத்திரி எப்ப வரும்?”

மார்சலின் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். திரும்பி நடந்தாள், பாதி வழியில் ஓடினாள், வீட்டுக்குப் போய் இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, அவசரத்தில் இரண்டு குச்சியை ஒடித்து, மூன்றாவதில் அடுப்பை மூட்டினாள்.

மூன்று நாளாக ஒரு வீட்டிலும் எழாத புகை அவள் கூரைமேல் எழுந்ததைத் துறை முழுவதும் பார்த்தது. வியாகப்பன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், பின்னால் நாற்பது பேர் ஓடிவந்தார்கள். “எவட்டி அது, வெயில் நிக்கும்போ அடுப்பு மூட்டினவ? வலையில கெடக்குற மீனு அம்புட்டும்...” என்று அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே முற்றத்தில் அவருடைய நிழல் நீண்டு, கிணற்றைத் தாண்டி, குருசம்மா வீட்டு வாசலைத் தொட்டது. நாங்கள் திரும்பிப் பார்த்தோம். சூரியன் தண்ணீரைத் தொட்டிருந்தது. வியாகப்பன் துடுப்பைக் கீழே இறக்கினார், “சரி, சரி, நேரமாச்சு, அவனவன் வீட்டுல போய் அடுப்பை மூட்டச் சொல்லுங்க,” என்றார். யாருடைய தப்பு என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் பசி. கடலுக்குள் சூசை இருட்டின அடுத்த நிமிஷம் வலையை விட்டு, விடியற்காலையில் படகு நிறைய மீனோடும் வறண்ட தொண்டையோடும் வந்து சேர்ந்தார்.

மார்சலின் மீனை வெட்டினாள், தேங்காய் அரைத்தாள், புளி கரைத்தாள். மரச்சீனி வெந்து குழம்பு கொதிப்பதற்குள் நன்றாக இருட்டிவிட்டது, முற்றத்து பல்பைப் போட்டுப் பாய் விரித்தாள். ஜஸ்டஸுக்குத் தலைத்துண்டு வைத்தாள். சஜினி இரண்டு பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஷைனி தட்டில் இருந்த துண்டை விரலால் பிரித்துப் பார்த்துவிட்டுப் பயந்துபோனாள். முள்ளுவாளை ருசியான மீன், ஆனால் சதையை விட முள் அதிகம், எங்கள் பிள்ளைகளுக்கே பத்து வயது வரைக்கும் யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மார்சலின் வழக்கம்போலப் பிள்ளையின் தட்டுக்குக் கையை நீட்டினாள், நீட்டிய கையை நிறுத்தி, அந்தப் பக்கம் இருந்த ஷைனியின் விரலைப் பிடித்து மீன் துண்டின்மேல் வைத்தாள்.

“இஞ்ச தொட்டுப் பாரு. முதுகுப் பக்கம் ஒத்த முள்ளு, வயித்துப் பக்கம் ரெட்டை. பெருவிரலால அமுக்கி வெளிய இழுக்கணும். கண்ணால தேடாத, விரலால தேடு. தேடி முடிச்சிட்டு இன்னொரு தரம் தேடு.”

ஷைனி தேடினாள். ஒன்று எடுத்தாள், இன்னொன்று எடுத்தாள், மயிர் போல ஒன்றைக் கடைசியில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். மார்சலின் தலையாட்டினாள். ஷைனி மரச்சீனியோடு சேர்த்துப் பிசைந்து ஒரு வாய் உருட்டி நீட்டினாள். சஜினி அந்தக் கையைப் பார்த்தாள், திரும்பி மார்சலினைப் பார்த்தாள்.

“வாங்கிக்க மக்ளே.”

பிள்ளை வாயைத் திறந்தது. மென்றது. ஜஸ்டஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை விழுங்கிவிட்டு, “முள்ளு இல்ல,” என்று ஷைனியிடம் சொல்லி மறுபடியும் வாயைத் திறந்தது. நாலாவது வாயை மெல்லும்போதே கண் சொக்கி, ஷைனியின் பக்கமாகச் சரிந்து உறங்கிவிட்டது. மார்சலின் அதன் நெற்றியைத் தொட்டு, சூடு தணிந்திருந்ததைப் பார்த்து, கன்னத்துக்குள் விரலை விட்டு, விழுங்காமல் நின்றதை வழித்து எடுத்து, தன் வாயில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவள் சாப்பிட்டது அவ்வளவுதான்.

“இப்பவே கொண்டு போங்க அத்தான்,” என்றாள்.

“ஏன்? பிள்ளை முழிக்கட்டும், உங்கிட்ட சொல்லிட்டுப் போவட்டும்,” என்றான் ஜஸ்டஸ். “முழிச்சா உன்னைத் தேடுமே.”

“அதான் அத்தான். முழிச்சு என்னைத் தேடாம போச்சுன்னா நான் தாங்கமாட்டேன்.”

ஜஸ்டஸ் கையைக் கழுவிவிட்டுப் போய், வேன் கதவைச் சத்தம் வராமல் திறந்தான்.